நெய்வேலிச் சுரங்கத்துக்குப் பாட்டு உண்டா?

வாசகர் ஒருவரின் கேள்வி, ஜனவரி 18

வேல்ஸ் நாட்டு நிலக்கரி ஊர்களில் தொழிலாளர்கள் சேர்ந்து பாடும் ஆண்கள் குழுக்கள் பேர்போனவை. கரிச்சுரங்கம் இருந்த நாடுகளில் எல்லாம் பாட்டு இருக்கிறது. நம் நெய்வேலிக்கு மட்டும் இல்லை. காரணம் ரொம்ப எளிது. அங்கே மனிதன் குனிந்து கரி வெட்டவே இல்லை, முதல் நாளிலிருந்து இயந்திரம்தான் வெட்டியது. இயந்திரம் பாடாது. இதை மறுக்க யாரிடமாவது ஒரே ஒரு பாட்டு இருக்கிறதா?

ஜனவரி 18, இரவு 10.15

இருக்கிறது. என்னிடமே ஒன்று இருக்கிறது.

நான் பிறந்து வளர்ந்தது நெய்வேலி டவுன்ஷிப். சென்னைக்கு வந்து 27 வருஷம் ஆகிறது, இப்போது வளசரவாக்கத்தில் இருக்கிறேன். அப்பா சுரங்கத்தில் வெல்டராக இருந்து 2008இல் ஓய்வு பெற்றவர், என்னோடுதான் இருக்கிறார். பாட்டு அப்பாவுடையது இல்லை. அப்பாவைப் பெற்ற ஆயாவுடையது. குவார்ட்டர்ஸ் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, தம்பியைக் காலில் போட்டு ஆட்டியபடி பாடும்.

மண்ணு வெட்டிப் போட்ட மண்ணு மலையாச்சு ஏலேலோ
மல்லாட்ட வெதச்ச கொல்ல மடுவாச்சு ஏலேலோ
மெட்ராசு வீதியெல்லாம் வெளக்காச்சு ஏலேலோ
எங்க வீட்டு மாடக்குழி இருட்டாச்சு ஏலேலோ

இது சுரங்கப் பாட்டு இல்லையென்றால் வேறு எது? மலை என்பது சுரங்கத்துக்கு மேலிருந்து எடுத்துக் கொட்டிய மண். இப்போது போனாலும் தூரத்திலிருந்தே தெரியும். மடு என்பது சுரங்கமேதான்.

ஜனவரி 19, காலை 7.30

மல்லாட்டை என்றால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நிலக்கடலை. கடலூர், விழுப்புரம் பக்கம் அப்படித்தான் சொல்வோம், மணிலாக்கொட்டை என்றும் சொல்வோம். கொல்லை என்றால் இங்கே சென்னையில் நினைப்பது போல வீட்டுப் பின்புறம் இல்லை, மானாவாரி நிலம். நெய்வேலி இருக்கும் இடம் செம்மண் காடு. முந்திரி, பலா, கம்பு, கேழ்வரகு, மல்லாட்டை. நெல் வயலை நினைத்துக்கொண்டு இந்தப் பாட்டைக் கேட்டால் படம் வராது.

ஜனவரி 19, இரவு 11 மணி

அப்பாவிடம் பாட்டைப் படித்துக் காட்டினேன். "சுரங்கத்துல யாரு பாடுனா?" என்றார். அதோடு விடவில்லை.

"மேல பெஞ்ச்சுல எஸ்கவேட்டர் ஓடும்போது பக்கத்துல நிக்கறவன் காதுகிட்ட வந்து கத்துனாலும் கேக்காது. கையாலதான் பேசிக்குவோம். வீலு சுத்தற சத்தம், கன்வேயர் பெல்ட்டு சத்தம், கீழ பம்ப்பு சத்தம். இதுல எவன் பாட்டு கட்டுவான்?"

அப்படியானால் கேள்வி கேட்டவர் சொன்னதுதான் சரியா என்றேன். "அவரு சரியாத்தான் சொல்லியிருக்காரு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

சுரங்கத்தைப் பார்க்காதவர்களுக்காக எழுதுகிறேன். நெய்வேலியில் குகை, லிஃப்ட், தலைவிளக்கு எதுவும் கிடையாது. திறந்தவெளிச் சுரங்கம். ஐம்பது அறுபது மீட்டர் மண்ணைப் படிப்படியாக அகற்றிவிட்டுத்தான் கரியைத் தொட முடியும். அந்தப் படிகளைத்தான் பெஞ்ச் என்பார்கள். ஒரு டன் கரிக்கு ஏறத்தாழ ஐந்தாறு கன மீட்டர் மண்ணை அள்ளிக் கொட்ட வேண்டும். அள்ளுவது ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சதச் சக்கரங்கள். சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி வாளிகள், பெரிய இயந்திரத்தில் ஒரு வாளிக்கு 1400 லிட்டர் மண் பிடிக்கும். வாளியின் வாயில் இரும்புப் பற்கள். அந்தப் பற்கள்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டன.

ஜனவரி 22

பல் பற்றிக் கொஞ்சம் எழுதத்தான் வேண்டும். எங்கள் ஹாலில், பால்கனிக் கதவுக்கு முட்டுக்கொடுத்தபடி ஒரு பல் இருக்கிறது. அப்பா ஓய்வு பெற்ற அன்று கூட வேலை செய்தவர்கள் தேய்ந்த பல் ஒன்றுக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்துக் கொடுத்தது. இரண்டு கையாலும்தான் தூக்க முடியும். பெயின்ட் பாதி உரிந்துவிட்டது. உரிந்த இடத்தில் வெல்டிங் வரிகள் தெரிகின்றன, ஒன்றன் மேல் ஒன்றாக, மீன் செதில் அடுக்கியது போல.

நெய்வேலியில் கரிக்கு மேலே இருக்கும் மணற்கல் சாதாரண மண் இல்லை. உப்புத்தாள் போல இரும்பையே தேய்க்கும். ஆரம்ப காலத்தில் ஒரு ஷிப்ட் முடிவதற்குள் பல் மழுங்கிவிடும் என்று மூத்தவர்கள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். பிறகு பல்லின் முனையில் கடினமான உலோகத்தை வெல்டிங்கில் பூசும் முறை வந்தது. அப்பா செய்தது அந்த வேலை. பூசிய பிறகு மேலே படியும் கசடைச் சுத்தியால் தட்டி உதிர்ப்பார். நன்றாகப் பிடித்த பல்லும் உள்ளே விரிசல் விட்ட பல்லும் தட்டினால் வேறு வேறு சத்தம் தரும் என்பார். சின்ன வயதில் எனக்குத் தட்டிக் காட்டியிருக்கிறார், எனக்கு வித்தியாசமே தெரிந்ததில்லை.

நேற்று ஒரு எவர்சில்வர் கரண்டியால் அந்தப் பல்லைத் தட்டிப் பார்த்தேன். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "இது நல்ல பல்லு, தேஞ்சுதான் போச்சு, உடையல" என்றார்.

ஜனவரி 25

லெக்கோ நினைவிருக்கிறதா என்று கேட்டவருக்கு: இருக்கிறது! பழுப்பு நிலக்கரியைப் பொடித்து, அழுத்தி, சுட்டுச் சின்னச் சின்ன வில்லைகளாக விற்பார்கள். நெய்வேலியில் அதற்குத் தனித் தொழிற்சாலையே இருந்தது. கேஸ் சிலிண்டருக்கு வருஷக்கணக்கில் காத்திருந்த காலத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளில் அதுதான் அடுப்பு. பெரம்பூரில் என் மாமா வீட்டில் பின்கட்டில் ஒரு மூட்டை எப்போதும் இருக்கும். கோடை விடுமுறைக்கு வந்தால் அந்த மூட்டையைப் பார்த்து, "எங்க அப்பா வெட்டுனது" என்று மாமா பிள்ளைகளிடம் பெருமையடித்துக்கொள்வேன். அவர்களும் நம்பினார்கள்.

கறுப்பு, பழுப்பு இரண்டுக்கும் வித்தியாசம் கேட்டிருந்தார் இன்னொருவர். நான் கல்யாணமான புதிதில் ராயபுரத்தில் குடியிருந்தேன். அப்போது சென்னைத் துறைமுகத்தில்தான் நிலக்கரி இறங்கிக்கொண்டிருந்தது. உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011இல் அது நின்று, எண்ணூருக்குப் போனது. அப்பா முதன்முதலாக அந்த வீட்டுக்கு வந்தபோது ஜன்னல் கட்டையில் விரலால் ஒரு கோடு இழுத்தார். விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது நம்ம கரி இல்லம்மா. இது கல்லு. நம்மது மரம்."

உண்மைதான். நெய்வேலிக் கரி இளசு. வெட்டும்போது பாதி எடை தண்ணீர். ஈரமாக இருக்கும்போது உடைத்தால் சில துண்டுகளில் மர நரம்பு அப்படியே தெரியும். காய்ந்தால் வெடித்து உதிரும். குவித்து வைத்தால் தானாகவே சூடேறிப் புகையும். அதனால்தான் தூரத்துக்கு அனுப்பாமல் பக்கத்திலேயே அனல்மின் நிலையம் கட்டினார்கள். 1962இல் முதல் மின்சாரம், சோவியத் உதவியோடு. 600 மெகாவாட் வரை வளர்ந்த அந்த முதல் நிலையத்தை 2020இல் மூடிவிட்டார்கள்.

ஜனவரி 26

கோலார் தங்கவயல் பற்றி இரண்டு பேர் எழுதச் சொல்கிறார்கள். அங்கே போனவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு பக்கத்துத் தமிழர்கள், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்தவர்கள், 2001 பிப்ரவரியில் மூடினார்கள். இதற்கு மேல் எழுத எனக்குத் தகுதியில்லை. அந்த மக்களின் பிள்ளைகள் எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.

பிப்ரவரி 3

திருத்தம். பெரிய திருத்தம்.

வடலூரில் என் அத்தை இருக்கிறார். அப்பாவுக்கு மூத்தவர், 82 வயது. தைப்பூசத்துக்கு ஜோதி பார்க்க வந்த சொந்தக்காரக் கூட்டம் வீடு நிறைய இருந்ததால் இத்தனை நாள் பேச முடியவில்லை. இன்று சாயந்திரம்தான் போனில் கிடைத்தார். பாட்டின் முதல் வரியைச் சொன்னதுமே சிரித்தார்.

"அது மல்லாட்ட ஆயிற பாட்டுடி."

மல்லாட்டைச் செடியைப் பிடுங்கிக் குவித்துவிட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காயைக் கிள்ளிப் போடுவார்கள். அதுதான் ஆய்வது. கூலி காசு இல்லை. இத்தனை மரக்கால் ஆய்ந்தால் இவ்வளவு என்று காயாகவே கொடுப்பார்கள். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை. ஒருத்தி பாட மற்றவர்கள் ஏலேலோ போடுவார்கள். அத்தையும் தாவணி போடுவதற்கு முன்பே அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். போனிலேயே பாடினார். மூச்சு வாங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை.

மல்லாட்ட ஆஞ்ச கையி மரத்தாச்சு ஏலேலோ
மரக்கா அளக்கையில கொறஞ்சாச்சு ஏலேலோ
பொழுது சாஞ்சு பொட்டக்காடு இருட்டாச்சு ஏலேலோ
புள்ளக்காரி மாரு ரெண்டும் கனத்தாச்சு ஏலேலோ

கடைசி வரியைக் கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை. கைப்பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வந்தவள், பால் கட்டிக்கொண்டு, அளந்து முடிக்கும் வரை எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள். அளக்கிறவன் கையோ குறைகிறது. நான் 18ஆம் தேதி எழுதிய நாலு வரியை விட இது எவ்வளவோ மேல்.

பிப்ரவரி 3, இரவு

அப்படியானால் மலையாச்சு, மடுவாச்சு எங்கிருந்து வந்தது என்று அத்தையிடம் கேட்க மறந்துவிட்டேன். நாளைக்குக் கேட்கிறேன்.

பிப்ரவரி 5

கேட்டேன். அந்த இரண்டு வரியும் ஆயா கட்டியதுதான். அத்தைக்கு இடம்கூட நினைவிருக்கிறது.

1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது, அடுத்த வருஷம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அப்பாவுக்குப் பத்து வயதாகும்போது எங்கள் பழைய ஊர் சுரங்கத்துக்காகக் காலிசெய்து எழுந்து வந்துவிட்டது. தாத்தாவுக்கு இருந்தது இரண்டு காணி கொல்லை, எட்டு முந்திரி மரம், ஒரு கூரை வீடு. டவுன்ஷிப் கட்ட ஆரம்பித்ததும் ஆயா சித்தாள் வேலைக்குப் போனது. மண் சட்டி, செங்கல், ஜல்லி. கூரைக்கு ஜல்லி போடுகிற அன்று கை மாற்றிக் கை மாற்றிச் சட்டி போக வேண்டும், நடுவில் நிற்கக் கூடாது. அதற்கு ஏலேலோ வேண்டும். கொல்லையில் இருந்த பாட்டைச் சாரத்துக்குக் கொண்டு போனார்கள். மல்லாட்டை ஆய்வதைப் பற்றி அங்கே பாடினால் பொருந்தவில்லை, அதனால் ஆயா வார்த்தையை மாற்றியது. அத்தை சொன்னபடியே எழுதுகிறேன்: "கண்ணு எதிர்ல மண்ணு மலையா நின்னுது. அதப் பாத்துத்தான் எங்கம்மா பாடுச்சு."

கேள்வி கேட்டவருக்கு என் பதில் இப்போது வேறு மாதிரி ஆகிறது. கரி வெட்டியவர்கள் பாடவில்லை என்பது சரி. ஆனால் கரிக்கு மேலே இருந்தவர்களிடம் பாட்டு இருந்தது. அவர்கள் இடம் மாறியபோது அதையும் கூடவே எடுத்துக்கொண்டு போனார்கள்.

பிப்ரவரி 8

ஜம்புலிங்க முதலியார் பற்றி ஒருவர் நினைவூட்டினார். நியாயம், அவரை விட்டுவிட்டு நெய்வேலியைப் பேசக் கூடாது. 1930களில் அவர் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதைச் சும்மா விடாமல் அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டு போனார். பின்னால் 600 ஏக்கருக்கு மேல் நிலத்தையும் கொடுத்தார். ஆயா அவர் பெயரைச் சொல்லாது. "கெணத்துல கரி கண்ட மொதலியாரு" என்றுதான் சொல்லும்.

பிப்ரவரி 15

இதை எழுத மூன்று நாள் தயங்கினேன்.

மெட்ராசு வீதியெல்லாம் வெளக்காச்சு, எங்க வீட்டு மாடக்குழி இருட்டாச்சு. இந்த இரண்டு வரியைத்தான் இங்கே நிறையப் பேர் பாராட்டினீர்கள். ஒருவர் தன் கல்லூரி மாணவர்களுக்கு வாசித்துக் காட்டியதாகவும் எழுதினார். அத்தையிடம் இந்த வரிகளைச் சொன்னபோது, "இது எங்கம்மா பாடுனது இல்லியே" என்றார். வயதாகிவிட்டது, மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை பரணில் பழைய பெட்டியை இறக்கினேன். பத்தாம் வகுப்பு தமிழ் நோட்டு கிடைத்தது. 1991. பள்ளி ஆண்டு மலருக்கு "எங்கள் ஊர்ப் பாடல்" என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நோட்டின் கடைசித் தாளில் அதன் முதல் வரைவு. முதல் இரண்டு வரியும் திருத்தமே இல்லாமல் நேராக எழுதியிருக்கிறது. மூன்றாவது வரியில் "பட்டணத்து" என்று எழுதி அடித்து, "சென்னையின்" என்று எழுதி அடித்து, பிறகு "மெட்ராசு" என்று எழுதியிருக்கிறேன். நாலாவது வரியில் "குடிசை", "அடுப்பங்கரை" இரண்டையும் அடித்துவிட்டு "மாடக்குழி". பக்கத்தில் பேனா மையால் ஒரு பூ வரைந்திருக்கிறேன்.

அந்த வரிகள் ஆயாவுடையவை இல்லை. என்னுடையவை. பதினைந்து வயதில் நான் எழுதியவை.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. முப்பத்தைந்து வருஷத்தில் அது ஆயாவின் குரலிலேயே என் காதில் ஏறிவிட்டது. திண்ணை, நீட்டிய கால், தம்பி, எல்லாவற்றோடும் சேர்ந்து அந்த இரண்டு வரியும் எனக்குக் கேட்கிறது, இன்றும் கேட்கிறது. ஆனால் தாளில் இருப்பது என் கையெழுத்து. கல்லூரியில் வாசித்தவர் தயவுசெய்து மாணவர்களிடம் திருத்திச் சொல்லிவிடுங்கள்.

யோசித்துப் பார்த்தால் அது ஆயா வாயில் வரக்கூடிய வார்த்தையே இல்லை. மெட்ராசுக்கு விளக்கு எரிவது பற்றி அதற்கு வருத்தம் எதுவும் கிடையாது. டவுன்ஷிப் வீட்டில் முதல் முதலாக சுவிட்சைப் போட்டு லைட் எரிந்த அன்று, அதை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்து, எதிர்வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டியதாம். அதன் வருத்தம் கொல்லை பற்றி மட்டும்தான். நான் அதன் வருத்தத்தை எடுத்து எனக்குப் பிடித்த இடத்துக்கு நீட்டிவிட்டேன்.

பிப்ரவரி 16

"நாட்டுப்புறப் பாட்டு என்றாலே ஆளுக்கொரு வரி சேர்ப்பதுதானே, உங்கள் ஆயா சேர்த்தார், நீங்களும் சேர்த்தீர்கள்" என்று ஆறுதல் சொன்ன மூன்று பேருக்கும் நன்றி. முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆயா தலையில் சட்டியோடு நின்று சேர்த்தது. நான் மலரில் பெயர் வர வேண்டும் என்று சேர்த்தேன். பாட்டு தாங்கும்தான். ஆனால் யார் வரி என்று பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாக வேண்டும்.

பிப்ரவரி 22

வடலூர் போய் வந்தேன். கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி, பண்ருட்டி தாண்டியதும் பலா மரங்கள். இன்னும் காய் பிஞ்சாகத்தான் இருக்கிறது. ஆர்ச் கேட்டில் இறங்கி டவுன்ஷிப்புக்குள் போகலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது, போகவில்லை. நேராக வடலூர்.

அத்தை சத்திய ஞான சபைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது, தினமும் அங்கே சாப்பாடு. அத்தையும் முடிந்த நாட்களில் காய் நறுக்கப் போவார். அந்த அடுப்புக்கு இன்றும் விறகுதான்.

போனில் பாட்டைப் பதிவு செய்தேன். நான் கேட்டது நாலு வரி, வந்தது முப்பது வரிக்கு மேல். நடுநடுவே நிறுத்தி, "இது பொன்னேரிக்காரி பாடுவா, எனக்கு முழுசா வராது" என்று விட்டுவிடுவார். அந்தப் பொன்னேரிக்காரி யார் என்று அவருக்கே இப்போது முகம் நினைவில்லை, குரல் மட்டும் நினைவிருக்கிறது. எல்லாவற்றையும் எழுதி முடித்ததும் இங்கே போடுகிறேன். இப்போதைக்கு எனக்கு மிகவும் பிடித்த இரண்டு வரி:

கீழத்தெரு கெணத்துத் தண்ணி கரும்பாச்சு ஏலேலோ
கேட்டவங்க கொடத்துக்கெல்லாம் நெறஞ்சாச்சு ஏலேலோ

ஊர்க் கிணற்றைப் பற்றிய பாட்டு. மல்லாட்டை ஆய்ந்து முடித்துக் கை கழுவப் போகும்போது பாடுவார்களாம்.

பிப்ரவரி 23

தண்ணீர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நெய்வேலிக் கரிக்குக் கீழே இருப்பது ஊற்று நீர், அதுவும் மேல்நோக்கி அழுத்தும் ஊற்று. அப்படியே விட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். அதனால் இரவும் பகலும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு டன் கரிக்குப் பல டன் தண்ணீர் இறைக்க வேண்டும். ஜம்புலிங்க முதலியார் கிணற்றில் கரி வந்ததும் அந்த அழுத்தம் தள்ளியதால்தான்.

2004இல் வீராணம் ஏரித் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுவரும் குழாய் போட்டார்களே, அதன் சுத்திகரிப்பு நிலையம் இருப்பது வடக்குத்தில், நெய்வேலிக்கும் வடலூருக்கும் இடையில். ஒரு நாளைக்கு 18 கோடி லிட்டர். அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் போரூருக்கு வருகிறது. வறட்சி வருஷங்களில் ஏரி காய்ந்தபோது நெய்வேலிப் பக்கத்து ஆழ்குழாய்க் கிணறுகளின் தண்ணீரையும் அதே குழாயில் விட்டார்கள். 2019 கோடையில் லாரிக்கு வரிசையில் நின்ற நாட்களில் இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் குடத்தை வேறு மாதிரிப் பிடித்திருப்பேன்.

மார்ச் 1

அத்தையின் பதிவை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். 77 வயதில் இடது காது மந்தம், வலது காதில் போனை ஒட்டி வைத்துக்கொண்டார். மூன்று தடவை கேட்டார். முதல் தடவை முகத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவை, புள்ளக்காரி வரி வரும்போது போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார். மூன்றாவது தடவை கிணற்று வரி வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"தப்பு. கீழத்தெரு கெணறு உப்பு. வாயில வைக்க முடியாது, மாட்டுக்குத்தான். கரும்பா இனிச்சது மேலத்தெரு கெணறு."

மார்ச் 2

அத்தையைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். அக்காவும் தம்பியும் இருபத்தைந்து நிமிஷம் சண்டை.

அத்தை: "கீழன்னாத்தான்டா அடுத்த வரியில கேட்டவங்கன்னு வரும். மேலன்னு வெச்சா எப்புடி வரும், நீயே பாடு பாக்கலாம்."

அப்பா: "பாட்டுக்கோசரம் ஊருக் கெணத்த மாத்துவியா? நான் குடிச்சிருக்கேன்க்கா. மேலத்தெரு கெணறு, பக்கத்துல எலுப்ப மரம், நாலு படி எறங்கணும்."

அத்தை: "நாலு படி எறங்கறது கீழத்தெரு கெணறு. மேலத்தெருவுல ராட்டினம் இருந்துச்சு."

நான் நடுவில் எதுவும் பேசவில்லை. பல்லின் மேல் உட்காரக் கூடாது என்று அப்பா எப்போதும் சொல்வார், அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் கவனிக்கவே இல்லை.

மார்ச் 4

சண்டை முடியவில்லை. அப்பா கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் ஊர்ப் படம் வரைந்திருக்கிறார். வடக்கே அய்யனார் கோவில், பக்கத்தில் தாத்தாவின் எட்டு முந்திரி, தேதி போட்டது போல மரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். கீழத்தெரு, மேலத்தெரு, நடுவில் மந்தை. இரண்டு கிணற்றுக்கும் வட்டம். மேலத்தெரு வட்டத்தை மட்டும் இரண்டு முறை சுழித்து அழுத்தமாகப் போட்டிருக்கிறார். அந்த இடத்தில் இப்போது தரையே கிடையாது, மண்ணும் கரியும் எடுத்த பிறகு வெறும் காற்றுதான்.

படத்தைப் போட்டோ எடுத்து அத்தையின் பேரன் போனுக்கு அனுப்பினேன். அத்தை பார்த்துவிட்டுச் சொல்லியனுப்பியது: இலுப்பை மரம் தப்பான பக்கத்தில் இருக்கிறதாம். அப்பா ரப்பர் கேட்டார். வீட்டில் இல்லை, பேனாவால் வரைந்தது வேறு. பேத்தியின் பையிலிருந்து பென்சிலும் ரப்பரும் ஒரு வெள்ளைத் தாளும் எடுத்துக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி வரைய உட்கார்ந்திருக்கிறார்.